99.9%, 98.8%, 50%: மூன்று எண்ணும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

#1 மருதம்

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். மரபியல் பாடத்தில் ஒரு மாணவி எழுப்பிய கேள்வி இது. உலகத்தில் எந்த இரண்டு பேரை எடுத்தாலும் டிஎன்ஏ 99.9% ஒன்றுதான் என்கிறோம். மனிதருக்கும் சிம்பன்சிக்கும் 98.8% ஒன்று என்கிறோம். அதே பாடத்தில், பிள்ளைக்குத் தாயிடமிருந்து 50%, தந்தையிடமிருந்து 50% என்றும் சொல்கிறோம். "அப்படின்னா எனக்கு அம்மாவைவிட சிம்பன்சிதான் நெருக்கமா மிஸ்?" என்று கேட்டாள்.

50% என்பது வேறு கணக்கு என்று அந்த நேரத்தில் சொல்லி வைத்தேன். ஆனால் அவளுடைய கேள்வி அதைவிடப் பெரியது. ஒரு சிற்றினத்துக்குள் இருக்கும் வேறுபாடு, இரண்டு சிற்றினங்களுக்கு இடையே இருக்கும் வேறுபாடு, இரண்டையும் ஒரே சதவீதக் கோட்டில் வைத்துப் பேசலாமா? இங்கே ஆய்வகத்தில் வேலை செய்பவர்களும் மருத்துவர்களும் இருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும், எளிமைக்காக உண்மையை வளைக்கவும் கூடாது. எப்படிச் சொல்லலாம்?

#2 நுண்ணோக்கி

மருதம் டீச்சர், 50 என்ற எண்ணை முதலில் தனியாக எடுத்து வைத்துவிடலாம்.

99.9, 98.8 இரண்டும் எழுத்துக் கணக்கு. எழுத்து என்பது டிஎன்ஏ வரிசையின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு அலகுகளில் ஒன்று. இரண்டு டிஎன்ஏ வரிசைகளை அருகருகே வைத்து, எத்தனை இடத்தில் ஒரே எழுத்து இருக்கிறது என்று எண்ணுகிறோம். அந்த எழுத்து யாரிடமிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. 50 என்பது வந்த வழியின் கணக்கு. மகளின் ஒவ்வொரு குரோமோசோம் சோடியிலும் ஒன்று அம்மாவிடமிருந்து இறங்கியது, மற்றது அப்பாவிடமிருந்து இறங்கியது. ஆனால் அப்பா தந்த பாதியை அம்மாவின் டிஎன்ஏவோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் 99.9% ஒத்துப்போகும், அவரும் மனிதர்தானே. ஆகவே சிம்பன்சியை அளந்த அதே கோலால் அம்மாவையும் மகளையும் அளந்தால் 99.9-க்கும் மேலே நிற்கும். மாணவியிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

உடன்பிறந்தவர்களிடம் இந்த 50 இன்னும் சுவாரசியமானது. அது சராசரி மட்டும்தான். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட உடன்பிறந்த சோடிகளை 2006இல் அளந்து பார்த்தார்கள். ஒரே வழியில் வந்த பங்கு சுமார் 37% முதல் 62% வரை ஏறி இறங்கியது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு அண்ணன் தம்பிகள், வேறு இரண்டு அண்ணன் தம்பிகளைவிட உண்மையிலேயே மரபணுவில் நெருக்கமாக இருக்கலாம்.

அப்புறம் அந்த 0.1%. சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் மனித மரபணுத்தொகுதி, அதாவது முழு டிஎன்ஏ வரிசை, ஏறக்குறைய 310 கோடி எழுத்துகள் கொண்டது. 2015இல் முடிந்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் 26 மக்கள்கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேரின் டிஎன்ஏவைப் படித்தார்கள். ஒருவருடைய வரிசை, ஒப்பிடுவதற்கென வைத்திருக்கும் பொது வரிசையிலிருந்து 41 லட்சம் முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடுகிறது என்று கண்டார்கள். இதில் பெரும்பாலானவை ஓரெழுத்து மாற்றங்கள். பெரிய துண்டுகள் விடுபட்டோ இரட்டித்தோ இருக்கும் இடங்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அவை மட்டுமே சுமார் 2 கோடி எழுத்துகளைத் தொடுகின்றன. அவற்றையும் கூட்டினால் 99.9 என்பது 99.4 பக்கம் வந்துவிடும். எண்ணோடு "எதை எண்ணினோம்" என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எந்தச் சதவீதமும் குழப்பத்தான் செய்யும்.

#3 வேலணைக் காற்று

நல்ல இழை. அந்த 26 மக்கள்கூட்டங்களில் ஒன்று பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் என்பதையும் இங்கே பதிவு செய்து வைக்கிறேன். நூற்றுச் சொச்சம் பேர் இரத்தம் கொடுத்திருக்கிறார்கள். லாகூர்ப் பஞ்சாபியர், வங்காளிகள், தெலுங்கர், குஜராத்தியரோடு எங்கட ஆட்களின் வரிசையும் உலகத்தில் எந்த ஆய்வாளரும் இறக்கிப் பார்க்கலாம் என்ற நிலையில் இருக்கிறது. போரால் சிதறிப்போன சனத்தின் ஒரு பகுதி மருத்துவ அறிவியலின் பொதுச் சொத்துக்குள் வந்திருப்பது எனக்குப் பெரிய விசயம்.

ஒரு சந்தேகம். மனிதருக்குள் 0.1, சிம்பன்சியோடு 1.2. அப்படியெண்டால் சிம்பன்சி எங்களிடமிருந்து வெறும் பன்னிரண்டு மடங்குதான் தூரமா? பன்னிரண்டு மடங்கு சேர்த்தால் மனிதன் குரங்காகி விடுவானா? எனக்கு விளங்கவில்லை.

#4 நுண்ணோக்கி

வேலணை அண்ணா, டீச்சருடைய கேள்வியின் மையமே அதுதான்.

சிம்பன்சியின் முதல் வரிசை 2005 செப்டம்பரில் வெளியானது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் வாழ்ந்த கிளிண்ட் என்ற ஒரு சிம்பன்சியின் டிஎன்ஏதான் அதற்கு அடிப்படை. மனித வரிசையோடு ஒப்பிட்டபோது ஓரெழுத்து வேறுபாடு சுமார் 3.5 கோடி, அதாவது 1.23%. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. அந்த 1.23இல் ஒரு பகுதி சிம்பன்சிகளுக்குள்ளேயே, மனிதர்களுக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு. ஒரு இடத்தில் கிளிண்டிடம் ஒரு எழுத்து இருந்திருக்கும், பக்கத்து மரத்துச் சிம்பன்சியிடம் நம்முடைய எழுத்தே இருக்கலாம். எல்லா மனிதரும் ஒரு பக்கம், எல்லாச் சிம்பன்சியும் மறுபக்கம் என்று நிலைத்துப்போன வேறுபாடு 1.06% அல்லது அதற்கும் குறைவு.

பன்னிரண்டு மடங்கு என்று பார்ப்பது இதனால்தான் உதவாது. உங்களுக்கும் எனக்கும் இடையே உள்ள 40 லட்சம் வேறுபாடுகளில் பெரும்பாலானவை மிதக்கும் வேறுபாடுகள். இன்று என்னிடம் இருக்கும் எழுத்து உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கும், உங்களிடம் இருப்பது நைஜீரியாவில் ஒருவரிடம் இருக்கும். தலைமுறைக்குத் தலைமுறை கலைந்து மறுபடி சேரும். சிம்பன்சியோடு இருப்பது அப்படியில்லை. சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளாகத் தனித்தனியாக ஓடிய இரண்டு பரம்பரைகளில், ஒரு பக்கத்தில் எல்லோரிடமும் பரவி முடிந்துபோன மாற்றங்கள் அவை.

ஓரெழுத்தை விட்டு வேறு கணக்குகளும் உண்டு. செருகப்பட்ட, விடுபட்ட துண்டுகள் சுமார் 50 லட்சம். அவற்றைச் சேர்த்தால் 98.8 என்பது 96 பக்கம் வரும். சிம்பன்சிக்கு 24 சோடிக் குரோமோசோம், நமக்கு 23. நம் முன்னோரிடம் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டித்தான் நம்முடைய இரண்டாம் குரோமோசோம் உண்டானது, ஒட்டிய தழும்பு இன்றும் அந்த வரிசையில் தெரிகிறது.

வேறுபாடுகள் எங்கிருந்து வருகின்றன என்று மாணவி கேட்டால்: பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் தாயிடமும் தந்தையிடமும் இல்லாத புதிய எழுத்து மாற்றங்கள் சுமார் 60 முதல் 70 இருக்கும். தந்தையின் வயது கூடக்கூட அந்த எண்ணும் கூடும். பெரும்பாலானவை சில தலைமுறைகளில் காணாமல் போகும். சில மிதக்கும். மிகச் சில, மிக நீண்ட காலத்தில், எல்லோரிடமும் நிலைக்கும். சிற்றினத்துக்குள் இருக்கும் வேறுபாடு இப்படித்தான் சிற்றினங்களுக்கு இடையிலான வேறுபாடாக மாறுகிறது. ஊற்று ஒன்றுதான்.

#5 கரிசல்

படித்துக்கொண்டே வந்தேன். நேரடியாகக் கேட்கிறேன். மனிதர்களில் இனம் என்று ஒன்று மரபணுவில் இல்லை என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள், 85% என்று ஒரு எண்ணையும் காட்டுகிறார்கள். இன்னொரு பக்கம், எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் உன் முன்னோர் எந்தக் கண்டம் என்று நிறுவனங்கள் சொல்லிவிடுகின்றன, பெரும்பாலும் சரியாகவே சொல்கின்றன. வேறுபாடே இல்லையென்றால் எப்படிச் சொல்ல முடிகிறது? மனசுக்கு நல்லதாக இருக்கிறது என்பதற்காக அறிவியலை மென்மையாக்குகிறோமோ என்று எனக்கு உறுத்துகிறது.

#6 நுண்ணோக்கி

கரிசல் அண்ணே, உங்கள் உறுத்தல் நியாயமானது. நேர்மையான பதிலும் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகப் போகும்.

85 என்ற எண் அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் 1972இல் வெளியிட்டது. இரத்த வகைகளும் இரத்தப் புரதங்களுமாக 17 மரபணுக்களை எடுத்துக்கொண்டார். உலக மக்களை அன்றைய வழக்கப்படி ஏழு பெரும் இனங்களாகவும், அவற்றுக்குள் பல மக்கள்கூட்டங்களாகவும் பிரித்தார். மனிதகுலத்தின் மொத்த வேறுபாட்டில் எவ்வளவு எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டார். 85.4% ஒரே மக்கள்கூட்டத்துக்குள். 8.3% ஒரே இனத்தின் வெவ்வேறு கூட்டங்களுக்கு இடையே. இனங்களுக்கு இடையே 6.3% மட்டும்.

ஏ, பி, ஓ இரத்த வகையை வைத்துப் பார்த்தால் இது எளிதில் பிடிபடும். தெற்காசியாவில் பி அதிகம், ஐரோப்பாவில் குறைவு. ஆனால் இங்கேயும் ஏ உண்டு, ஓ உண்டு. அங்கேயும் பி உண்டு. விகிதம் மாறுகிறதே தவிர, ஒரு ஊரிலேயே எல்லா வகையும் கிடைத்துவிடுகிறது. தென் அமெரிக்கப் பழங்குடிகளிடம் ஏறக்குறைய எல்லோரும் ஓ என்பது போன்ற விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவை விதிவிலக்குகள்தான். 2002இல் 52 மக்கள்கூட்டங்களின் 1,056 பேரை வைத்து 377 இடங்களில் அளந்தபோது, கூட்டத்துக்குள் இருக்கும் பங்கு 93 முதல் 95% வரை போனது. அளக்கும் டிஎன்ஏ இடத்தின் வகையைப் பொறுத்து எண் மாறும், ஆனால் பெரும்பகுதி உள்ளேதான் என்ற முடிவு ஐம்பது ஆண்டுகளாக அசையவில்லை.

இப்போது உங்கள் எச்சில் குழாய். 2003இல் ஏ.டபிள்யூ.எஃப். எட்வர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் லெவான்டினை மறுத்து எழுதினார். கணக்கு சரி, ஆனால் அதிலிருந்து "மனிதர்களை வகைப்படுத்தவே முடியாது" என்று முடிவு கட்டியது சரியில்லை என்றார். ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனியாகப் பார்த்தால் வேறுபாடு அற்பம். ஆனால் ஆயிரக்கணக்கான இடங்களில் அந்த அற்ப வேறுபாடுகள் ஒரே திசையில் சாய்ந்திருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒருவருடைய முன்னோர் நிலப்பகுதி தெரிந்துவிடும். ஓர் இடம் ஒரு ஆளைக் காட்டிக்கொடுக்காது, பத்தாயிரம் இடம் காட்டிக்கொடுக்கும்.

2007இல் வந்த ஒரு ஆய்வு இரண்டு வாதத்தையும் ஒரே மேசையில் வைத்தது. கேள்வி இது: ஒரே கூட்டத்தைச் சேர்ந்த இருவர், வெவ்வேறு கூட்டத்தைச் சேர்ந்த இருவரைவிட மரபணுவில் அதிகம் வேறுபட்டிருப்பது எத்தனை முறை நடக்கும்? தொலைவான மூன்று கூட்டங்களை வைத்துக்கொண்டு 10 இடங்களைப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை. 100 இடங்களில் சுமார் 20%. 1,000 இடங்களில் சுமார் 10%. பல ஆயிரம் இடங்களைப் பார்த்தால் அப்படி நடப்பதே இல்லை. ஆனால் நிலப்பரப்பில் இடையிடையே வாழும் மக்களையும் கலந்து வாழும் மக்களையும் சேர்த்துக்கொண்டால் அந்த எண் மறுபடி ஏறும், காரணம் உலகம் மூன்று மூலைகளில் மட்டும் குடியிருக்கவில்லை.

ஆகவே லெவான்டினும் எட்வர்ட்ஸும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொன்னார்கள். ஒருவருடைய டிஎன்ஏ முழுவதையும் தந்தால் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்லலாம். ஒருவருடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று மட்டும் தந்தால் அவருடைய டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் என்ன இருக்கும் என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. அறிவாளியா, நேர்மையானவரா என்பதெல்லாம் இதில் பேச்சுக்கே இடமில்லை. தோல் நிறம் மட்டும் ஏமாற்றும்: வெயிலின் அளவுக்கு ஏற்ப இயற்கைத் தேர்வு அதை அழுத்தியதால், மற்ற மரபணுக்களைப் போலல்லாமல் கண்டங்களுக்கு இடையே பெரிதாக வேறுபடுகிறது. கண்ணுக்குத் தெரியும் அந்த ஒன்றை வைத்து உள்ளே எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டியதால் உலகம் பட்ட துன்பம் கொஞ்சமா?

#7 நெடுவழி

நாயில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று பிரிக்கிறோமே. அதுவும் ஒரே சிற்றினம்தான். மனிதரில் மட்டும் ஏன் கூடாது என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

#8 கானுறை

காட்டுயிர் ஆய்வில் இருக்கிறேன், நெடுவழிக்கு நான் பதில் சொல்கிறேன். மேலை நாடுகளின் நாய் வகைகளை அளந்தபோது, மொத்த வேறுபாட்டில் கால் பங்குக்கும் மேல் வகைகளுக்கு இடையே இருந்தது. மனிதக் கூட்டங்களுக்கு இடையே இருப்பதோடு ஒப்பிட்டால் பல மடங்கு. காரணம் வெளிப்படை: யார் யாரோடு சேர வேண்டும் என்று சில நூறு ஆண்டுகளாக மனிதன் கூண்டு போட்டு முடிவு செய்தான். சில நாய்களை மட்டும் வைத்து ஒரு வகையையே உருவாக்கினான். மனித வரலாறு அப்படி நடக்கவில்லை. எனவே நாயைக் காட்டி மனித இனத்தை நிறுவ முடியாது.

இனம் பற்றிப் பேசுகிறவர்கள் சிம்பன்சியைப் பார்க்க வேண்டும். காட்டில் இன்று மிஞ்சியிருப்பவை சில லட்சம் மட்டுமே. நாம் 800 கோடி. ஆனால் மரபணு வேறுபாடு அவற்றிடம்தான் அதிகம். மத்திய ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளில் இரண்டை எடுத்தால், இரண்டு மனிதர்களுக்கு இடையே உள்ளதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேறுபாடு. கேமரூன் பகுதியில் ஓர் ஆற்றின் இரு கரைகளில் வாழும் சிம்பன்சிக் கூட்டங்கள், வெவ்வேறு கண்டங்களில் வாழும் மனிதக் கூட்டங்களைவிட ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபட்டிருந்தன என்று 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவை வேறு துணைச் சிற்றினம்.

எண்ணிக்கைக்கும் வேறுபாட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை, பழைய காலத்தில் எவ்வளவு குறுகிப்போனோம் என்பதுதான் முக்கியம். இன்றைய மனித வேறுபாட்டைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், நீண்ட காலத்துக்கு இனப்பெருக்கம் செய்த முன்னோர் பத்தாயிரம் அளவிலேயே இருந்தது போலத் தெரிகிறது. சிறுத்தைப்புலிகளிடம் இது உச்சத்துக்குப் போனது. நான் சொல்வது வேங்கையோ சிறுத்தையோ இல்லை, 2022இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குக் கொண்டுவந்த சீட்டா. 1980களில் உறவில்லாத சீட்டாக்களுக்கு இடையே தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள், உடல் அதை அந்நியமாக நினைத்து உடனே தள்ளவில்லை. அவ்வளவு ஒற்றுமை. அதே பத்தாண்டில் ஓரிகனில் ஒரு வளர்ப்பிடத்தில் பூனைக் கொரோனா வைரஸ் ஒன்று புகுந்து சீட்டாக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றது. வீட்டுப் பூனைகளில் சிலவற்றை மட்டும் தாக்கும் நோய் அது. சிற்றினத்துக்குள் வேறுபாடு இருப்பது ஏதோ அலங்காரம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

#9 வேலணைக் காற்று

ஓம், கானுறை. மனிதரிலும் அதிக வேறுபாடு ஆப்பிரிக்காவில்தான் என்று வாசித்திருக்கிறேன். 2010இல் தெற்கு ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவன வேட்டைச் சமூகத்தவரின் வரிசைகள் வந்தபோது, அவர்களில் இருவருக்கு இடையே இருந்த வேறுபாடு ஒரு ஐரோப்பியருக்கும் ஒரு ஆசியருக்கும் இடையே இருப்பதைவிடக் கூட என்று எழுதியிருந்தார்கள். வெளியில் இருந்து பார்க்கிறவன் "ஆப்பிரிக்கர்" என்று ஒரே சொல்லில் அடைக்கிற சனத்துக்குள்ளேதான் மனிதகுலத்தின் வேறுபாட்டில் பெரும் பகுதி இருக்கிறது. மிச்ச உலகம் அங்கிருந்து சுமார் ஐம்பது அறுபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒரு சிறு பங்கின் வழித்தோன்றல்.

#10 மயக்கவியல் மருத்துவர்

அறுவை அரங்கிலிருந்து ஒன்று சொல்லலாமா? கூட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு சின்னது என்பதால் அதை மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

சுவாசக் குழாய் போடுவதற்கு முன் தசையைத் தளர்த்த சக்சினைல்கோலின் என்ற மருந்து கொடுப்போம். சில நிமிடங்களில் இரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதை உடைத்துவிடும், நோயாளி தானாக மூச்சு விடத் தொடங்குவார். அந்த நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் மணிக்கணக்காக நீளும். வெண்டிலேட்டரில் வைத்துக் காத்திருக்க வேண்டும். தெரியாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இந்தக் குறைபாடு ஆந்திரம், தெலங்கானா, தமிழ்நாட்டில் வாழும் வைசியச் சமூகத்தில் மற்றவர்களைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு அதிகம். தென்னிந்தியாவில் மயக்க மருந்து கொடுப்பவர்கள் பலருக்கு இது தெரியும். முன்கூட்டியே கேட்டு, வேறு மருந்தைத் தேர்ந்தெடுத்தால் பிரச்சினையே இல்லை.

இன்னொன்று, இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினரும் பங்கேற்ற ஆய்வு, 2009இல் வெளியானது. இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4% பேரிடம் இது இருக்கிறது. பிற்கால வயதில் இதயத் தசை நோய் வரும் வாய்ப்பை இது கூட்டுகிறது. ஐரோப்பியரை மட்டும் வைத்து ஆய்வு செய்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

#11 கரிசல்

டாக்டர், மதிப்போடு கேட்கிறேன். நீங்கள் சொல்வதை எடுத்துக்கொண்டு "பார், சாதி ரத்தத்திலேயே இருக்கிறது" என்று நாளைக்கே ஒருவர் பதிவு போடுவார். அவருக்கு என்ன பதில்?

#12 நுண்ணோக்கி

இதற்கு டாக்டருக்கு முன்னால் நான் நுழைகிறேன், மன்னிக்கவும்.

2009இல் இந்தியாவின் 25 சமூகங்களை ஆய்ந்தபோது, சமூகங்களுக்கு இடையிலான வேறுபாடு ஐரோப்பாவில் பார்ப்பதைவிட அதிகம் என்று தெரிந்தது. 2013இல் அதே குழு, ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தோடு சேர்ந்து இன்னொன்றைக் காட்டியது. ஏறக்குறைய 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தத் துணைக்கண்டத்தில் மிகப் பெரிய கலப்பு நடந்திருக்கிறது. உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று இன்று சொல்லப்படும் ஏறக்குறைய எல்லாக் கூட்டங்களும் அந்தக் கலப்பிலிருந்து வந்தவை. அப்புறம்தான் அகமணம், அதாவது சொந்தக் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம், இறுகியது. அதாவது முதலில் கலந்தோம், பிறகு கதவைச் சாத்தினோம்.

கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? பெரிய குதிரிலிருந்து ஒரு கைப்பிடி விதைநெல் எடுத்து, அதை மட்டுமே திரும்பத் திரும்ப விதைப்பது மாதிரி. அந்தக் கைப்பிடியில் தற்செயலாக இருந்த ஓர் அரிய மாற்றம் பிறகு வயல் முழுவதும் நிற்கும். 2017இல் 260க்கும் மேற்பட்ட தெற்காசியச் சமூகங்களைப் பார்த்ததில் 81 சமூகங்களில் இந்த விளைவு, அதற்குப் பேர்போன ஃபின்லாந்தினரிடமும் அஷ்கெனாசி (ஐரோப்பிய) யூதர்களிடமும் இருப்பதைவிட வலுவாக இருந்தது. அந்த 81இல் 14 சமூகங்கள் பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள்தொகை கொண்டவை.

ஆகவே அந்தப் பதிவு போடுகிறவரிடம் சொல்லுங்கள்: டாக்டர் சொன்ன நொதிக் குறைபாடு எந்தச் சமூகத்தின் குணமும் அல்ல. அந்தச் சமூகத்திலும் மிகப் பெரும்பாலோருக்கு அது இல்லை, வேறு சமூகங்களிலும் அது உண்டு. நூறு தலைமுறைத் திருமண விதி, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் ஓர் ஒடுங்கு மரபணுவை ஓரிடத்தில் குவித்து வைத்தது, அவ்வளவுதான். திருமண விதி தளர்ந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் அது ஒரே குழந்தையிடம் சேரும் வாய்ப்பு அடுத்த தலைமுறையிலேயே குறைந்துவிடும். மரபியல் சாதிக்கு ஆதரவு தருகிறது என்பவர்கள் இந்தக் கடைசி வரியைப் படிப்பதே இல்லை.

#13 மயக்கவியல் மருத்துவர்

முழுக்க உடன்படுகிறேன். நான் நோயாளியிடம் கேட்பதும் சமூகப் பெயரை வைத்து முடிவு செய்ய அல்ல. "வீட்டில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு திரும்ப நேரமாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. சந்தேகம் வந்தால் இரத்தத்தில் நொதி அளவைப் பார்க்கலாம்.

#14 முல்லைச்சரம்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிற்றினங்களுக்கு நடுவே கோடு அவ்வளவு தெளிவானதா என்பதுதான் என் கேள்வி. அழிந்துபோன பழங்கால மனிதர்களான நியாண்டர்தால்களின் மரபணு நம்மிடம் இருக்கிறது என்றால் அவர்கள் வேறு சிற்றினமா இல்லையா?

#15 கானுறை

முல்லை, கோடு தெளிவில்லை. அதைத் தயங்காமல் எழுது.

கலந்து இனப்பெருக்கம் செய்யும் கூட்டமே சிற்றினம் என்பது எர்ன்ஸ்ட் மயர் 1942இல் முன்வைத்த வரையறை, பாடப்புத்தகம் இன்றும் சொல்வது. நியாண்டர்தால் வரிசை 2010இல் வந்தபோது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் எல்லோரிடமும் ஏறக்குறைய 2% அவர்களுடையது என்று தெரிந்தது. அதற்கு வழிகாட்டிய ஸ்வாந்தே பேபோ 2022இல் நோபல் பரிசு பெற்றார். அவரே 2020இல் காட்டியது: கோவிட் தீவிரமாகும் ஆபத்தைக் கூட்டும் ஒரு துண்டு மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது, அது நியாண்டர்தாலிடமிருந்து வந்தது, தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருக்கிறது. ஐரோப்பாவில் சுமார் 16%. அவர்களை வேறு சிற்றினம் என்பவரும் உண்டு, நம் சிற்றினத்தின் ஒரு கிளை என்பவரும் உண்டு. அந்த விவாதம் முடியவில்லை.

எனக்கு இதைவிட வியப்பூட்டுவது வேறு. நமக்கு நெருங்கிய உறவு சிம்பன்சி என்பது முழு மரபணுத்தொகுதியின் சராசரி. 2012இல் கொரில்லா வரிசை வந்தபோது, சுமார் 30% இடங்களில் கொரில்லா நம்மோடோ சிம்பன்சியோடோ நெருங்கி நின்றது, நாமும் சிம்பன்சியும் அந்த இடங்களில் தள்ளி நின்றோம். பொது முன்னோர்க் கூட்டத்துக்குள்ளேயே வேறுபாடு இருந்தது, அது பிரியும்போது தாறுமாறாகப் பங்கு பிரிந்தது. ஏ, பி இரத்த வகை வேறுபாடோ கிப்பன் என்ற வாலில்லாக் குரங்குகளோடும் பொதுவானது, குறைந்தது 2 கோடி ஆண்டு பழையது. நோய் எதிர்ப்பில் வேலை செய்யும் சில மரபணுக்களில் உன்னுடைய வடிவம் பக்கத்தில் இருக்கும் தோழியின் வடிவத்தைவிட ஒரு சிம்பன்சியின் வடிவத்துக்கு நெருக்கமாக இருக்கலாம். கிருமிகளோடு போராட இரண்டு வடிவமும் தேவைப்பட்டதால் இயற்கைத் தேர்வு இரண்டையும் கைவிடவில்லை, சிற்றினங்கள் பிரிந்த பிறகும்கூட.

#16 முல்லைச்சரம்

அந்தக் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். டீச்சருடைய மாணவி கேட்ட கேள்விக்கு ஓர் இடத்தில் "ஆமாம்" என்றும் பதில் இருக்கிறது!

#17 மருதம்

எல்லோருக்கும் நன்றி. எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்திருக்கிறது. முல்லை சொன்னது உண்மை, அதையும் அவளிடம் சொல்லப் போகிறேன். கடைசியாக ஒன்று: வகுப்பறையில் செய்து பார்க்க ஏதாவது இருக்கிறதா? கரும்பலகை மட்டும் போதாது.

#18 நுண்ணோக்கி

இருக்கிறது டீச்சர். பிடிசி என்ற வேதிப்பொருள் தோய்த்த தாள். நாக்கில் வைத்தால் சிலருக்குக் கடும் கசப்பு, சிலருக்கு வெறும் தாள். 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் அந்தத் தூளைக் கையாண்டபோது காற்றில் பறந்தது, பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அப்படிக் கண்டுபிடித்தது. ஏழாம் குரோமோசோமில் உள்ள ஒரு சுவை மரபணுதான் பெரும்பாலும் காரணம்.

இரண்டு பிரிவு மாணவர்களிடமும் தனித்தனியாகச் செய்து, கசந்தவர் எத்தனை, கசக்காதவர் எத்தனை என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு பிரிவிலும் இரண்டு வகையும் இருக்கும், விகிதம் கொஞ்சம் மாறும். லெவான்டின் கணக்கு அதிலேயே வந்துவிடும். ஊர், சாதி, மதம் எதையும் தாளில் எழுத வைக்காதீர்கள், 'அ' பிரிவு, 'ஆ' பிரிவு போதும்.

அப்புறம் சிம்பன்சியைக் கொண்டுவாருங்கள். 1939இல் ரொனால்ட் ஃபிஷரும் இரண்டு சகாக்களும் பிரிட்டன் விலங்குக்காட்சிச் சாலைச் சிம்பன்சிகளுக்கு இந்தக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் கசந்தவை, கசக்காதவை என்று இரண்டு வகை. பொது முன்னோரிடமிருந்தே வந்த பழைய வேறுபாடு என்று நினைத்தார்கள். 2006இல் மரபணுவைப் படித்தபோது, கசக்காத சிம்பன்சியிடம் உள்ள மாற்றமும் கசக்காத மனிதரிடம் உள்ள மாற்றமும் வெவ்வேறு என்று தெரிந்தது. இரண்டு சிற்றினத்திலும் தனித்தனியே உண்டானது. இரத்த வகை பொதுச் சொத்து, கசப்பு தனிச் சொத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், மீதிக் கேள்விகளைப் பிள்ளைகளே கேட்பார்கள். தாள் தீர்ந்துவிடும் முன் நீங்களும் ஒன்றைச் சுவைத்துப் பார்த்து, முடிவை இங்கே எழுதுங்கள்.

#19 மருதம்

அடுத்த வாரம் செய்கிறேன். முடிவுகளை இரண்டு பிரிவுக்கும் தனித்தனி அட்டவணையாக இதே இழையில் போடுகிறேன்.